பழைய கணினிகளை வெளிநாட்டுக்கு விற்பது: அஞ்சலா, கூரியரா, கப்பலா, உள்ளூர் ஏற்றுமதியாளரா?

வடசென்னையின் பெரம்பூர், பழைய வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டைப் பகுதிகளில் அலுவலகங்கள் கழித்துவிடும் மடிக்கணினிகளை மொத்தமாக எடுத்துச் சரிசெய்து விற்பவர்கள் பலர் இப்போது ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். கொழும்பிலோ சிங்கப்பூரிலோ துபாயிலோ இருக்கும் ஒருவர் உள்ளூரைவிட நல்ல விலை சொல்கிறார். பொருளை எந்த வழியில் அனுப்புவது? துறைமுகம் பக்கத்தில் இருக்கிறது. சுங்க இல்லமும் தலைமை அஞ்சலகமும் ராஜாஜி சாலையிலேயே இருக்கின்றன. மணலி, மாதவரம் பக்கம் போனால் சரக்குப் பெட்டகங்களை நிரப்பும் நிலையங்கள் வரிசையாக நிற்கின்றன. இவ்வளவும் அருகில் இருந்தும் பலர் தடுமாறுவதற்குக் காரணம், கிலோவுக்கு என்ன கூலி என்ற ஒரே கணக்கை வைத்து எல்லா வழிகளையும் ஒப்பிடுவதுதான். அந்தப் பக்கத்துச் சுங்கத்தில் பொருளுக்கு யார் பொறுப்பு, பொருள் திரும்பினால் செலவு யார் தலையில் விழும் என்ற இரண்டையும் தெரிந்துகொள்ளாமல் செய்யும் ஒப்பீடு, கடைசியில் கைக்கு வரும் தொகையைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை.

வழியைத் தேர்வதற்கு முன் முடிக்க வேண்டியவை

வணிகமாக விற்று அனுப்பும் எவருக்கும் ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண் வேண்டும். வெளிநாட்டு வணிகத் தலைமை இயக்குநரகம் இதை இணையவழியில் 500 ரூபாய்க் கட்டணத்தில் தருகிறது. எண் உங்கள் பான் எண்ணேதான். ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலத்தில், விவரம் எதுவும் மாறாவிட்டாலும், அதை இணையத்தில் உறுதிசெய்ய வேண்டும். தவறினால் எண் முடக்கப்படும். அப்போது பொருள் சுங்கத்தில் நிற்கும். ஏற்றுமதி மாநிலத்துக்கு வெளியிலான விற்பனையாகக் கருதப்படுவதால் ஜி.எஸ்.டி. பதிவும் வேண்டும். ஏற்றுமதிக்கு வரி சுழியம்தான் என்றாலும், ஒவ்வொரு நிதியாண்டுக்கும் உறுதிமொழிப் பத்திரம் தாக்கல் செய்யாதவர்கள் வரியை முதலில் கட்டிவிட்டுப் பின்னர் திரும்பக் கேட்க வேண்டியிருக்கும். கணினிக்கான விகிதம் 18 சதவீதம் என்பதால், சிறு முதலில் தொழில் செய்பவருக்கு அது பெரிய முடக்கம்.

அடுத்தது பொருளின் நிலை. இங்குதான் பெரும்பாலான சிக்கல்கள் பிறக்கின்றன. அபாயக் கழிவுகள் நாடு விட்டு நாடு போவதைக் கட்டுப்படுத்தும் பேசல் உடன்படிக்கையில் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, 2025 ஜனவரி 1 முதல், நச்சுத்தன்மை உள்ளது, இல்லாதது என்ற வேறுபாடின்றி, மின்கழிவு எதுவாயினும் பெறும் நாட்டின் முன் ஒப்புதல் இல்லாமல் எல்லை தாண்ட முடியாது. இயங்கும் பழைய கணினி கழிவு அல்ல. ஆனால் அது இயங்குகிறது என்பதை நீங்கள்தான் காட்ட வேண்டும். ஒவ்வொரு கருவியையும் சோதித்த தேதி, கண்ட நிலை, வரிசை எண் ஆகியவற்றோடு ஒரு பட்டியல் இருக்க வேண்டும். ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பாதுகாப்பாகக் கட்டப்பட்டிருக்க வேண்டும். சோதிக்காத பத்து மடிக்கணினிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அனுப்பினால், அவற்றில் எட்டு நன்றாக இயங்கினாலும், அந்தப் பெட்டியைக் கழிவாகப் பார்க்க அதிகாரிக்கு இடம் இருக்கிறது.

பெறும் நாட்டின் சட்டத்தையும் பார்த்துவிட வேண்டும். இந்தியாவுக்குள் பழைய மடிக்கணினிகளையும் மேசைக் கணினிகளையும் அனுமதி பெறாமல் இறக்குமதி செய்ய முடியாது என்பது இத்தொழிலில் உள்ளவர்களுக்குத் தெரியும். இதே போன்ற கட்டுப்பாடுகள் பிற நாடுகளிலும் உண்டு. வியட்நாம் பயன்படுத்திய தகவல் தொழில்நுட்பப் பொருட்களின் இறக்குமதிக்குத் தடையே விதித்திருக்கிறது. எனவே வாங்குபவர் ‘அனுப்புங்கள், பார்த்துக்கொள்கிறேன்’ என்று சொல்வதை மட்டும் நம்பி அனுப்பக் கூடாது. பழைய ஃபயர்வால் போன்ற வலுவான குறியாக்கம் கொண்ட வலையமைப்புக் கருவிகள் கையில் இருந்தால், அவை, ராணுவப் பயன்பாட்டுக்கும் உதவக்கூடிய பொருட்களின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தும் இந்தியாவின் ஸ்கோமெட் பட்டியலில் வருகின்றனவா என்று முதலிலேயே சரிபார்ப்பது நல்லது.

எதை வைத்து ஒப்பிடுவது

முதல் அளவுகோல், ஒரு கிலோவுக்கு அடங்கும் மதிப்பு. நினைவகப் பலகைகள் ஒரு கிலோ இருந்தால் அதன் விலை ஒரு பழைய மேசைக் கணினியின் விலையைப் பலமுறை தாண்டும். இரண்டுக்கும் ஒரே வழி பொருந்தாது. இரண்டாவது, எடைக் கணக்கு. வானூர்தியில் போகும் சரக்குக்கு உண்மையான எடை, பெட்டியின் பரிமாணத்தை வைத்துக் கணக்கிடும் எடை ஆகிய இரண்டில் எது அதிகமோ அதற்கே கூலி. மூன்றாவது, பேட்டரி இருக்கிறதா என்பது. நான்காவது, அந்தப் பக்கத்து இறக்குமதியாளராக ஆவணத்தில் யார் பெயர் நிற்கிறது, வரியை யார் கட்டுகிறார் என்பது. ஐந்தாவது, பொருள் மறுக்கப்பட்டால் என்ன ஆகும் என்பது. கடைசியாக, பணம் வங்கி வழியே வந்ததற்கும் பொருள் சுங்கம் வழியே போனதற்கும் இடையே பொருத்தமான சான்று உருவாகிறதா என்பது. என் கருத்தில் நான்காவதும் ஐந்தாவதும்தான் தீர்மானமானவை. பலர் கடைசியில் பார்ப்பவையும் அவைதான்.

| | அஞ்சல் | கூரியர் | கப்பலில் கூட்டுச் சரக்கு | உள்ளூர் ஏற்றுமதியாளர் |
|---|---|---|---|---|
| ஏற்ற பொருள் | நினைவகம், செயலி, அட்டைகள் | மடிக்கணினி, சிறு சர்வர் பாகங்கள் | மேசைக் கணினி, திரை, சர்வர் | கலவையான தொகுதி |
| கூலிக் கணக்கு | எடைப் படிநிலை | பரிமாண எடை, வகுஎண் 5000 | கன மீட்டர் அல்லது டன் | இல்லை |
| பேட்டரி | பெரும் தடை | ஆவணத்தோடு முடியும் | தனி அறிவிப்போடு முடியும் | அவர் பொறுப்பு |
| அங்கே வரி | பெறுபவர் | உடன்பாட்டைப் பொறுத்தது | இறக்குமதியாளர் | உங்களுக்கு இல்லை |
| மறைந்த செலவு | தாமதம், குறைந்த இழப்பீடு | மறுப்பு, திருப்பிக் கொணரும் கூலி | அங்குள்ள துறைமுகக் கட்டணங்கள் | விலைக் குறைவு |

அஞ்சல்

இந்திய அஞ்சல் துறையின் ஏற்றுமதி மையங்கள் வந்தபின் இந்த வழி முன்பைவிட எளிதாகியிருக்கிறது. 2022ஆம் ஆண்டு விதிகளின்படி அஞ்சல் ஏற்றுமதிப் பட்டியலை இணையத்திலேயே நிரப்பி, ஒட்டுச்சீட்டைக் கடையிலேயே அச்சிட்டு, பொருளை மையத்தில் ஒப்படைக்கலாம். சுங்கத் துறை அதை இணையவழியே பார்க்கிறது. அஞ்சலில் போனது வணிக ஏற்றுமதியாகக் கணக்கில் ஏறாது என்ற பழைய எண்ணம் இப்போது பொருந்தாது. பட்டியல் முறையாக இருந்தால் ஏறும்.

நினைவகம், செயலி, வலையமைப்பு அட்டை, அழித்துச் சுத்தம் செய்த திண்மநிலை வட்டு (எஸ்.எஸ்.டி.) போன்ற சிறிய, பேட்டரி இல்லாத, மதிப்பு மிகுந்த பொருட்களை இரண்டு மூன்று கிலோவுக்குள் அனுப்பும்போது அஞ்சலை விஞ்சும் வழி இல்லை. பேட்டரி உள்ள மடிக்கணினிக்கு இது ஏற்றதல்ல. கழற்றிய பேட்டரியைத் தனியே அனுப்புவதை நினைத்தும் பார்க்க வேண்டாம்.

வரி விஷயத்தில் வாங்குபவருக்கு முன்கூட்டியே தெளிவாகச் சொல்ல வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 22 யூரோ வரையிலான சரக்குக்கு அளித்த மதிப்புக் கூட்டு வரி விலக்கை 2021 ஜூலை 1 அன்று நீக்கிவிட்டது. அமெரிக்கா 800 டாலர் வரையிலான விலக்கை 2025 ஆகஸ்ட் 29 முதல் எல்லா நாடுகளுக்கும் நிறுத்தியது. அதையொட்டி இந்திய அஞ்சல் துறை அந்நாட்டுக்கான பெரும்பாலான பொருட்களை ஏற்பதை அக்டோபர் நடுப்பகுதிவரை நிறுத்திவைத்திருந்தது. அஞ்சலை மட்டுமே நம்பி வாடிக்கையாளரைப் பிடித்தவருக்கு இப்படி வழி திடீரென அடைபடுவதுதான் பெரிய இடர்.

கூரியர்

இயங்கும் மடிக்கணினிகளை ஐந்து, பத்து என்ற அளவில் அனுப்புபவருக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான். காரணம் கணக்கிலேயே இருக்கிறது. பன்னாட்டுக் கூரியர்கள் நீளம், அகலம், உயரம் ஆகியவற்றைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000ஆல் வகுக்கின்றன. 40, 30, 10 என்ற அளவுள்ள மடிக்கணினிப் பெட்டிக்கு 2.4 கிலோ வருகிறது. சார்ஜரோடு சேர்த்த அதன் உண்மை எடையும் ஏறத்தாழ அதுவே. ஆகவே காற்றுக்குக் கூலி கொடுப்பதில்லை. அதே கணக்கை மேசைக் கணினிக்குப் போட்டால் நிலைமை மாறுகிறது. பெட்டியும் திரையும் அடங்கிய 60, 50, 45 அளவுள்ள கட்டுக்கு 27 கிலோ வரும். உள்ளே இருக்கும் பொருள் பன்னிரண்டு கிலோதான் இருக்கும்.

கூரியரில் இரண்டு வகை ஏற்றுமதிப் படிவங்கள் உண்டு. பரிசுக்கும் மாதிரிக்கும் சி.எஸ்.பி. நான்கு, விற்பனைக்குச் சி.எஸ்.பி. ஐந்து. விற்ற பொருளைப் பரிசு என்று எழுதி முதல் படிவத்தில் தள்ளிவிடலாம் என்று முன்பதிவு முகவர்கள் சிலர் சொல்வார்கள். அதைக் கேட்காதீர்கள். சுங்கச் சட்டம் 1962இன் 114ஏஏ பிரிவின்படி, தெரிந்தே பொய்யான விவரம் தருபவருக்குப் பொருளின் மதிப்பைப் போல் ஐந்து மடங்குவரை அபராதம் விதிக்க இடம் இருக்கிறது. அபராதம் வராவிட்டாலும் இழப்பு உண்டு: வங்கிக்கு வந்த பணத்துக்கு ஏற்றுமதிச் சான்று இருக்காது, பொருள் தொலைந்தால் குறைத்து எழுதிய மதிப்புக்கே இழப்பீடு கிடைக்கும். சி.எஸ்.பி. ஐந்துக்கான உச்சவரம்பு 2023ஆம் ஆண்டு வெளிநாட்டு வணிகக் கொள்கையில் 5 லட்சம் ரூபாயிலிருந்து 10 லட்சமாக உயர்த்தப்பட்டது; 2026ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் அந்த வரம்பையே நீக்குவதாக அறிவிக்கப்பட்டது. ஆகவே சிறு வணிகருக்கு அந்தப் படிவத்தில் இடப்பற்றாக்குறை ஏதும் இல்லை.

பேட்டரியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கருவிக்குள் பொருத்திய லித்தியம் அயனி பேட்டரிக்கு, ஆபத்தான சரக்குகளுக்கான ஐ.நா. வரிசையில் யு.என். 3481 என்ற எண். மடிக்கணினி பேட்டரிகள் பெரும்பாலும் 100 வாட்மணிக்குக் கீழே இருப்பதால் எளிய விதிகளே பொருந்தும். ஆனால் கூரியர் நிறுவனம், பேட்டரி போக்குவரத்துக்கான பாதுகாப்புச் சோதனைகளில் தேறியதைக் காட்டும் யு.என். 38.3 சோதனைச் சுருக்கத்தைக் கேட்கலாம். அது மடிக்கணினியைத் தயாரித்த நிறுவனத்திடமோ அதன் இணையதளத்திலோ கிடைக்கும். சிக்கல் எங்கே என்றால், பழைய மடிக்கணினிகளில் பலவற்றுக்கு மூல பேட்டரி போய், வேறெங்கோ செய்த மாற்று பேட்டரி போடப்பட்டிருக்கும். அதற்குச் சுருக்கம் கிடைக்காது. உப்பிய பேட்டரியை வானூர்தியில் ஏற்றவே கூடாது. தொடுதட்டு மேலெழுந்திருக்கிறதா, அடிமூடி வளைந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றையும் சமதளத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கட்டுப்பாடு என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. வானூர்தியின் சரக்கறையில் பற்றும் தீ பல உயிர்களைக் குறித்த விஷயம்.

இனி மறைந்த செலவு. வரி உட்பட எல்லாம் விற்பவர் பொறுப்பு என்ற டி.டி.பி. உடன்பாட்டில் அனுப்பினால், கூரியர் நிறுவனம் அங்கே வரியைக் கட்டிவிட்டு, முன்பணம் செலுத்தியதற்கான தனிக் கட்டணத்தோடு உங்களுக்குப் பட்டியல் அனுப்பும். வரி வாங்குபவர் பொறுப்பு என்ற டி.ஏ.பி. உடன்பாட்டில் அனுப்பினால், அவர் வரியைக் கேட்டு முகம் சுளித்துப் பொருளை மறுக்கலாம். அப்போது திருப்பிக் கொணரும் கூலி உங்களுடையது. உலக வணிக அமைப்பின் தகவல் தொழில்நுட்ப உடன்பாட்டில் சேர்ந்த நாடுகளில் கணினிக்குச் சுங்க வரி இல்லை என்பது உண்மை. ஆனால் சிங்கப்பூரின் 9 சதவீதம், இலங்கையின் 18 சதவீதம், ஐக்கிய அரபு அமீரகத்தின் 5 சதவீதம் போன்ற உள்நாட்டு மதிப்புக் கூட்டு வரிகள் அந்த உடன்பாட்டுக்குள் வருவதில்லை. பொருள் எந்த நாட்டில் தயாரானதோ அதுவே அதன் பூர்வீக நாடு என்பதையும் மறக்கக் கூடாது. சீனாவில் தயாரான மடிக்கணினி சென்னையில் ஐந்து ஆண்டுகள் ஓடியதால் இந்தியப் பொருள் ஆகிவிடாது. பூர்வீக நாட்டை வைத்துக் கூடுதல் வரி விதிக்கும் நாட்டுக்கு அனுப்பும்போது இது விலையையே மாற்றிவிடும்.

கப்பலில் கூட்டுச் சரக்கு

முழுப் பெட்டகம் நிரப்ப முடியாதவர்களின் சரக்குகளைச் சேர்த்து ஒரே பெட்டகத்தில் ஏற்றும் முறை இது. வடசென்னைக்காரருக்கு இதில் உள்ள வசதி வெளிப்படையானது. கடையிலிருந்து சிறு வண்டியில் ஏற்றினால் மணலியிலோ மாதவரத்திலோ திருவொற்றியூர்ப் பக்கத்திலோ உள்ள சரக்குப் பெட்டக நிலையத்தில் இறக்கிவிடலாம். சென்னை, எண்ணூர், காட்டுப்பள்ளி என்று மூன்று துறைமுகங்கள் பக்கத்தில் இருக்கின்றன. சுங்க முகவரை, நம் ஊர்ப் பேச்சில் கிளியரிங் ஏஜெண்டை, நேரில் பார்த்துப் பேசித் தேர்ந்தெடுக்கவும் முடியும்.

கூலி கன மீட்டர் கணக்கு. ஒரு கன மீட்டருக்குக் குறைந்தாலும் பெரும்பாலும் ஒரு கன மீட்டருக்கே வாங்குவார்கள். மேலே சொன்ன 60, 50, 45 அளவுப் பெட்டிகள் ஏழு சேர்ந்தால் ஏறத்தாழ ஒரு கன மீட்டர். ஏழுக்குக் குறைவாக அனுப்புபவர் வெற்றிடத்துக்குப் பணம் கட்டுகிறார். மேசைக் கணினி, தட்டைத் திரை, சர்வர், யு.பி.எஸ். போன்ற கனமான பொருட்கள் இருபது முப்பது இருக்கும்போதுதான் இந்த வழி தன் பலத்தைக் காட்டும்.

இங்கே சொல்லப்படும் கூலியைவிட அங்கே இறங்கியபின் எழும் கட்டணங்கள்தான் அதிகம் வலிக்கும். ஒப்படைப்பு ஆணைக் கட்டணம், நிலையக் கையாளுகை, தாமதமானால் நாள் வாடகை என்று பட்டியல் நீளும். சில நேரங்களில் இங்கே கடல்கூலி மிகக் குறைவாகச் சொல்லப்படுவதற்கு, அதை அங்கே வாங்குபவரிடம் ஈடுகட்டிக்கொள்வதே காரணம். ஆகவே முகவரிடம் இரு முனைக் கட்டணங்களையும் எழுத்தில் கேட்டு வாங்கி, வாங்குபவருக்கும் அனுப்பிவைக்க வேண்டும். மரப் பலகை அடித்தட்டு பயன்படுத்தினால், மரம் பூச்சி பரவாதபடி பதப்படுத்தப்பட்டதைக் காட்டும் ஐ.எஸ்.பி.எம். 15 முத்திரை கட்டாயம்; முத்திரையற்ற மரத்தோடு போன சரக்கைப் பெறும் நாடு திருப்பி அனுப்பலாம். கடற்காற்றில் வாரக்கணக்கில் இருக்கும் மின்சுற்றுப் பலகைகளுக்கு ஈரம் உறிஞ்சும் பொட்டலங்கள் வைக்க வேண்டும். காப்பீட்டிலும் கவனம் தேவை. பழைய மின்னணுப் பொருட்களுக்கான காப்பீட்டில், வெளியில் அடிபட்ட அடையாளம் இல்லாமல் உள்ளே பழுதாகிவிட்டால் இழப்பீடு இல்லை என்ற நிபந்தனை வழக்கமாக இருக்கும்.

ஏற்றுமதி ஆவணம் தயாரிப்பதில் தனி உழைப்பும் உண்டு. மடிக்கணினி 8471 30, நினைவகம் 8473 30, வலையமைப்புக் கருவி 8517 62 என்று ஒவ்வொன்றுக்கும் உரிய சுங்கக் குறியீட்டோடு பட்டியலைப் பிரித்து எழுத வேண்டும். ‘பழைய கணினிப் பொருட்கள், ஒரு தொகுதி’ என்று ஒரே வரியில் எழுதினால் பெட்டியைத் திறந்து பார்க்கச் சொல்வது அதிகாரியின் கடமை. தவிர, வரிசை எண்களை ஏற்றுமதி ஆவணத்தில் சேர்ப்பது பொருள் திரும்பி வரும்போது உங்களைக் காக்கும். ஏற்றுமதியான பொருள் மூன்று ஆண்டுகளுக்குள் திரும்பினால் அதற்கான வரிச்சலுகை உண்டு. ஆனால் போனதும் வந்ததும் ஒரே பொருள்தான் என்று நிறுவ வேண்டும். வரிசை எண் இல்லாவிட்டால், கட்டுப்பாடுள்ள பழைய கணினி இறக்குமதியாக அது பார்க்கப்படும் அபாயம் இருக்கிறது.

பயணியின் கையில் கொடுத்தனுப்புவது

மண்ணடியிலும் பர்மா பஜார் பக்கத்திலும் ‘குருவிகள்’ எனப்படும், கூலிக்குப் பொருள் சுமக்கும் பயணிகள் வழியாகப் பொருள் போய் வருவது எல்லோரும் அறிந்ததே. தன் சொந்த மடிக்கணினியை ஒருவர் கொண்டுபோவது வேறு. விற்பனைப் பொருளைப் பயணப் பெட்டியில் ஒளித்து அனுப்புவது வேறு. ஆவணம் இல்லை, காப்பீடு இல்லை, பிடிபட்டால் சிறைக்கும் அபராதத்துக்கும் ஆளாகிறவர் சில ஆயிரம் ரூபாய்க்காக அதைச் சுமந்த ஏழைதான். இதை ஒரு தேர்வாகவே நான் கருதவில்லை.

உள்ளூர் ஏற்றுமதியாளருக்கு விற்பது

பலர் இதைத் தோல்வியாக நினைக்கிறார்கள். உண்மையில், ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை மட்டும் இருபது முப்பது கலவையான கருவிகள் கைக்கு வருகிறவருக்கு இதுவே சரியான வழி. பதிவு, பணம் பெறும் வங்கியின் குறியீட்டைச் சுங்கத்தில் பதிவுசெய்தல், முகவர் கட்டணம், சோதனை உழைப்பு, வராத பணத்துக்கான கவலை ஆகியவற்றை எல்லாம் விலையில் கழித்துப் பார்த்தால், சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவில் கிடைக்கும் குறைந்த விலைக்கும் கொழும்புக்காரர் சொல்லும் உயர்ந்த விலைக்கும் இடையிலான தூரம் வெகுவாகச் சுருங்கிவிடும்.

வாங்குபவர் ஏற்றுமதி செய்யும் வணிகராக இருந்தால், உரிய நிபந்தனைகளோடு 0.1 சதவீத ஜி.எஸ்.டி.யில் அவருக்கு விற்கலாம். விற்பனைச் சீட்டின் தேதியிலிருந்து 90 நாட்களுக்குள் அவர் பொருளை ஏற்றுமதி செய்ய வேண்டும். அவருடைய ஏற்றுமதி ஆவணத்தில் உங்கள் ஜி.எஸ்.டி. எண்ணும் சீட்டு எண்ணும் இடம்பெற வேண்டும். அவர் செய்யத் தவறினால் குறைவாகக் கட்டிய வரி உங்கள் கணக்கில் வந்து நிற்கும். இதுதான் இந்த வழியின் மறைந்த செலவு. பழக்கமில்லாதவருக்கு முழு வரியோடே விற்றுவிடுவது நிம்மதி.

இயங்காதவற்றை இந்தக் கணக்கில் சேர்க்கவே கூடாது. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்கழிவு மேலாண்மை விதிகளின்படி அவை பதிவுபெற்ற மறுசுழற்சியாளருக்கே போக வேண்டும்; சரிசெய்து விற்பதைத் தொழிலாகச் செய்பவர்களும் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத் தளத்தில் பதிய வேண்டும். எடைக்குப் போட்டால் நாலு காசு கூடுதலாகக் கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் அவற்றின் கம்பிகளை எங்கோ வெட்டவெளியில் எரித்துத்தான் செம்பு எடுப்பார்கள். எண்ணூரும் மணலியும் சுவாசிக்கும் காற்று ஏற்கனவே சுமப்பது போதும்.

விலை சொல்வதற்கு முன்

வழி எதுவானாலும், வாங்குபவரிடம் விலை பேசும் முன் மூன்று விஷயங்களை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்: அவர் நாட்டில் பழைய கணினியை இறக்க அவருக்கு அனுமதி தேவையா, தேவையென்றால் இருக்கிறதா; வரி கட்டும் பொறுப்பு அவருடையதா; மறுத்தால் திரும்பும் கூலி யாருடையது. தயங்குபவருக்குக் கூரியரில் ஒரே ஒரு மடிக்கணினியை மட்டும், முழுப் பணத்தையும் வங்கி வழியாக முன்னதாகப் பெற்று, அனுப்பிப் பாருங்கள்.

உங்கள் பக்கத்திலும் ஒரு வேலை இருக்கிறது. அலுவலகங்களிலிருந்து வந்த மடிக்கணினிகளில் பயோஸ் கடவுச்சொல்லோ, நிறுவனத்தின் தொலைநிலைப் பூட்டோ, ஆப்பிள் கருவியென்றால் செயலாக்கப் பூட்டோ (ஆக்டிவேஷன் லாக்) மிச்சமிருக்கலாம். புதிய இயங்குதளம் ஏற்றியபின் இங்கே சரியாக ஓடும் கருவி, அங்கே வாங்குபவர் இணையத்தில் இணைத்த நிமிடத்தில் பழைய நிறுவனத்தின் பெயரைக் காட்டிப் பூட்டிக்கொள்ளும். அதற்காகவே வட்டை முழுமையாக அழித்து, இயங்குதளத்தை ஏற்றி, இணையத்தில் இணைத்துப் பார்த்து, அந்தத் திரையை வரிசை எண்ணோடு படம் எடுத்து வைத்துக்கொண்டபின் பெட்டியை ஒட்டுங்கள்.